அரசரை அமர்த்தும் அரசியல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கொள்கையில் நவபழமைவாதிகள் என்று பெயர்பெற்ற சிந்தனையாளர்களின் செல்வாக்கு எம்மட்டு என்னும் வினா, 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஈராக்கின்மீது படை சென்ற நாள்தொட்டு ஓயாமல் விவாதிக்கப்பட்டு வருகிறது. பத்திரிகைகளும் ஆராய்ச்சிக் கழகங்களும் நடத்திவந்த ஒரு சிறு குழுவினர், தாம் பல்லாண்டு பேணி வளர்த்த சித்தாந்தத்தைத் தக்க தருணம் பார்த்து அரசின் தலையில் ஏற்றிவிட்டனர் என்பது ஒரு கட்சி. வல்லரசுக்கு வல்லரசின் சுபாவமே போதும், எண்ணெயும் ஆதிக்கமும் அழைத்த வழியில் அது சென்றது, சித்தாந்திகள் அந்தப் பவனிக்கு முன்னே மேளம் வாசித்துச் சென்றவர்களேயன்றி வழி காட்டியவர்கள் அல்லர் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் தத்தம் வழக்குக்கு வாஷிங்டன் நகரத்திலேயே சான்று தேடுகின்றனர். அங்கோ ஆவணங்கள் பல இன்னும் வெளிவரவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளோ பெரும்பாலும் தத்தம் நியாயத்தை நிலைநாட்டுவதற்காக எழுதப்பட்டவை. ஆகவே, வேற்று நாட்டில் தமக்கு உவப்பில்லாத அதிபதியை நீக்கி, உவப்பான ஒருவனை அமர்த்தி, அதற்கான செலவையும் அந்நாட்டு வருவாயிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்னும் கொள்கை, தோன்றியது முதல் முடிந்தது வரை முழுமையாகக் காணக்கிடைக்கும் பழைய உதாரணம் ஒன்றை எடுத்து ஆராய்வது பயன் தரும். அத்தகைய உதாரணம், 1749க்கும் 1801க்கும் இடையில், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கம் தீவையும் நடுவாகக் கொண்டு நம் நாட்டிலேயே நிகழ்ந்திருக்கிறது; வென்றவர், தோற்றவர், இடைநின்றவர் ஆகிய மூவகையாரும் அதைப் பற்றி எழுதிவைத்தும் இருக்கின்றனர்.

அமெரிக்கக் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930களின் இறுதியில் நியூயார்க் சிட்டி காலேஜில் ஸ்டாலினை எதிர்த்து வாதாடிய இடதுசாரி மாணவர்களுள் ஒருவரான இர்விங் கிறிஸ்டல், 1965இல் ‘தி பப்ளிக் இன்டரெஸ்ட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கியபோது, அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தவை பெரும்பாலும் உள்நாட்டுப் பிரச்சினைகளே. அரசாங்கம் நல்லெண்ணத்தோடு தொடங்கும் பெரிய சமூகச் சீர்திருத்தங்கள் எதிர்பாராத தீங்குகளில் முடிகின்றன என்பதே அவர்கள் கண்ட முடிபு. நார்மன் போதோரெட்ஸ் ஆசிரியராக இருந்த ‘கமெண்டரி’ பத்திரிகையும், செனட் சபையில் ஹென்றி ஜாக்சனைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் அச்சிந்தனையை வெளிநாட்டு விவகாரங்களின் பக்கம் திருப்பினர். 1979 நவம்பரில் அப்பத்திரிகையில் ஜீன் கிர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரையைப் படித்து மகிழ்ந்த ரீகன், பின்னர் அவரை ஐக்கிய நாடுகள் சபைக்குத் தூதராக அனுப்பினார். எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் ஜனநாயகத்தை நிறுவிவிடலாம் என்பது பிரமை, நமக்கு நட்பான சர்வாதிகாரிகளை அவசரப்பட்டுக் கைவிடலாகாது என்பதே அக்கட்டுரையின் சாரம். சோவியத் யூனியன் மறைந்தபின் வந்த அடுத்த தலைமுறையோ இதற்கு நேர்மாறாகப் பேசிற்று. 1992இல் பால் உல்ஃபோவிட்ஸின் பொறுப்பில் ராணுவ இலாகாவில் தயாரான திட்ட நகல் ஒன்று, அமெரிக்காவுக்கு நிகரான வல்லரசு எதுவும் இனி எழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறியது. அது பத்திரிகைகளில் வெளியாகிக் கண்டனத்துக்குள்ளானதால் திருத்தி எழுதப்பட்டது. 1997இல் வில்லியம் கிறிஸ்டலும் ராபர்ட் ககனும் ‘புதிய அமெரிக்க நூற்றாண்டுக்கான திட்டம்’ என்னும் கழகத்தை நிறுவினர். 1998 ஜனவரியில் அக்கழகத்தின் சார்பாகப் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டு, சதாம் ஹுசேனைப் பதவியிலிருந்து அகற்ற வேண்டும் என்று கிளிண்டனுக்கு எழுதினர். அவ்வாண்டு அக்டோபரிலேயே ஈராக் விடுதலைச் சட்டம் நிறைவேறி, நாட்டைவிட்டு வெளியே இருந்த எதிர்க்கட்சிக் குழுக்களுக்கு 9 கோடியே 70 லட்சம் டாலர் பெறுமான ராணுவ உதவிக்கு அநுமதி கிடைத்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் செப்டம்பர் 11 வந்தது.

இந்தச் சரித்திரத்தை மட்டும் படித்தால் முதற் கட்சியாரின் வாதமே பலமுடையதாகத் தோன்றும். கொள்கை முன்னே பிறந்து காத்திருந்தது, சம்பவம் பின்னே வந்து அதைக் கைப்பிடித்தது. ஆனால் காவேரிக் கரையில் நடந்தது தலைகீழ் வரிசை. அதை விவரமாகவே பார்க்கவேண்டும்.

1748இல் ஹைதராபாத் நிஜாமுல் முல்க் காலமானதும், அவருடைய மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முஸாபர் ஜங்குக்கும் வாரிசுத் தகராறு மூண்டது. மராட்டியர் சிறையிலிருந்து அவ்வாண்டில் விடுதலையான சந்தா சாகிப், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குத் தமக்கும் உரிமை உண்டென்று புறப்பட்டார். அவர் திருச்சிராப்பள்ளிக்குப் புதியவரும் அல்லர். 1736இல் நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து அக்கோட்டையைச் சூழ்ச்சியாற் கவர்ந்து, 1741இல் ரகூஜி போன்ஸ்லேயிடம் அதனை இழந்து, சதாராவுக்குச் சிறைசென்றவர். புதுச்சேரியின் கவர்னர் டூப்ளே அவருக்கும் முஸாபர் ஜங்குக்கும் படை கொடுத்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ச் சண்டையில் நவாப் அன்வருதீன் மாண்டார். அவருடைய மகன் முகம்மது அலி ஓடிவந்து மலைக்கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேயரும் சும்மா இருந்தவர்கள் அல்லர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை: அதே ஆண்டில், தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஷாஜி என்பவரை அமர்த்துவதாகப் புறப்பட்ட அவர்களுடைய படை, கொள்ளிட முகத்துவாரத்தில் தேவிக்கோட்டையைப் பிடித்துக்கொண்டபின், ஆட்சியிலிருந்த பிரதாப சிங்கனோடேயே சமாதானம் பேசிக் கோட்டையைத் தமதாக்கி, ஷாஜிக்கு ஓர் உபகாரச் சம்பளம் வாங்கிக்கொடுத்து ஒதுக்கிவிட்டது. பிறர் நாட்டு வாரிசுத் தகராறு ஒரு வியாபாரக் கம்பெனிக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்கு இதுவே கையடக்கமான முதல் பாடம்.

டூப்ளேயின் உள்ளத்தில் ஆதியிலேயே ஒரு சாம்ராஜ்யத் திட்டம் இருந்தது என்று பழைய பிரெஞ்சு ஆசிரியர்களும், அவர்களைப் பின்பற்றி மாலிசன் முதலான ஆங்கிலேயரும் எழுதினர். சென்னை ஆவணங்களைத் துருவிய ஹென்றி டாட்வெல், 1920இல் வெளியிட்ட ‘டூப்ளேயும் கிளைவும்’ என்னும் நூலில் இதனை மறுத்தார். சந்தர்ப்பம் ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க டூப்ளே உள்ளே சென்றாரென்றும், கம்பெனி வியாபாரத்தால் மட்டும் பிழைக்க முடியாது, நாட்டு வருவாய் என்னும் நிலையான வரும்படி வேண்டும், அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து வெள்ளி அனுப்பவேண்டிய தேவை குறையும் என்னும் சித்தாந்தத்தை அவர் தம் எஜமானர்களுக்கு விரிவாக எழுதியது 1753 அக்டோபரிலேதான் என்றும் காட்டினார். அதாவது, யுத்தம் நான்காண்டு நடந்து, செலவு கட்டுக்கடங்காமற் போனபின், அச்செலவுக்குச் சமாதானமாகக் கொள்கை பிறந்தது. புதுச்சேரியில் டூப்ளேயின் அருகிருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்களுக்கும் இம்முடிபே சரியெனப் படும். நாளுக்கு நாள் வரும் கடிதங்கள், கைமாறும் வெகுமதிகள், மதாம் டூப்ளேயின் தனி ஒற்றர்கள், கஜானாவில் பணமில்லை என்னும் புலம்பல் ஆகியவையே அதில் நிறைந்திருக்கின்றன. பெருந்திட்டம் ஒன்றின் நிழல் அரிதாகவே விழுகிறது.

1751 கோடையில் வாலிகண்டபுரத்தில் முறிந்த ஆங்கிலப் படை, ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கிக் கொள்ளிடத்தையும் காவேரியையும் கடந்து திருச்சிராப்பள்ளிக்குள் அடைபட்டது. தொடர்ந்துவந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டனர். அதற்கு முந்திய மாதங்களில் முகம்மது அலி, கோட்டையை ஒப்படைத்துவிடுவதாக டூப்ளேயோடு கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டே, தேவனாம்பட்டணத்து ஆங்கிலேயரிடமும் உதவி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. காப்பாற்றுகிறவர்கள் தம்மைக் கொண்டு காரியம் சாதிக்க நினைப்பதை அறிந்து, தாம் அவர்களைக் கொண்டு காரியம் சாதித்துக்கொள்ளும் சாமர்த்தியம் இத்தகைய உரிமையாளர்களுக்கு எப்போதும் உண்டு. கவர்னர் சாண்டர்ஸ் அவருக்குத் துணைநிற்பதென்று தீர்மானித்தார். இந்தப் போரின் புகழ் முழுதையும் கிளைவுக்கே எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் இலண்டனிலிருந்து மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும் என்ற நிலையில், சண்டை வேண்டாமென்று விரும்பும் டைரக்டர்களின் பேரால், தம் பொறுப்பில் யுத்தத்தை நடத்தியவர் அதிகம் பேசாத இந்த சாண்டர்ஸ்தான். கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதும் திருச்சிராப்பள்ளியின் நெருக்கடியைத் தளர்த்துவதற்காகவே.

1752 ஏப்ரலில், ஆங்கிலத் தளபதி லாரன்ஸும் கிளைவும் உதவிப்படையோடு வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா வெலவெலத்துப்போய்க் காவேரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்தார். காகிதப் பணத்தால் பிரான்ஸைச் செல்வத்தில் மிதக்கவைப்பதாகச் சொல்லி 1720இல் அதனைத் திவாலாக்கிய ஜான் லாவின் தம்பிமகன் இவர். கைமுதலில்லாத நம்பிக்கைக்கும் அக்குடும்பத்துக்கும் ஏதோ பந்தம் இருந்தது போலும். பிரெஞ்சுக்காரர் திருவானைக்காவல் ஆலயத்திலும், சந்தா சாகிபின் படைகள் ஸ்ரீரங்கத்துத் திருமதில்களுக்குள்ளும் தங்கின. ஏழு பிராகாரங்களும் கோட்டையாக உபயோகப்படும் என்பதே அவர்கள் கண்ட சிறப்பு. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் அமர்ந்து புதுச்சேரிப் பாதையை அடைத்தார். பிரெஞ்சுக்காரரின் உதவிக்கு வந்த தளபதி தொத்தேய் வாலிகண்டபுரத்திலேயே சரணடைந்தார். ஜூன் மாதத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரோடு லா ஆயுதங்களை ஒப்புவித்தார். அதற்குமுன், உயிருக்கு உறுதி பெற்றதாக நம்பித் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் தம்மை ஒப்படைத்துக்கொண்ட சந்தா சாகிப் சிரச்சேதம் செய்யப்பட்டார். தலை முகம்மது அலிக்குக் காணிக்கையாகப் போயிற்று. ஸ்ரீரங்கத்து ஆலயத்தில் இருந்த ராஜபுத்திர வீரர்கள், உட்பிராகாரத்துக்குள் அந்நியர் எவரேனும் காலெடுத்து வைத்தால் வெட்டிச் சாய்ப்போம், நாங்களும் மடிவோம் என்று நின்றதாகவும், ஆங்கிலேயர் அதற்கு இணங்கினர் என்றும் சரித்திராசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். அந்த ஒரு வருஷத்து நிகழ்ச்சிகளில், தாம் எதைக் காக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்து நின்றவர்கள் இவர்கள் மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

அமர்த்தவேண்டியவரை அமர்த்தியாயிற்று, எதிர்த்த உரிமையாளர் உயிரோடில்லை, எதிரிப்படை சிறைப்பட்டது. கொள்கையின்படி யுத்தம் இங்கே முடிந்திருக்க வேண்டும். 2003 மே மாதத்தில் கப்பல் தளத்தில் நின்று புஷ் பெரும் சண்டைகள் முடிந்துவிட்டன என்று அறிவித்ததும் இதே கணக்கில்தான். திருச்சிராப்பள்ளியிலோ உண்மையான யுத்தம் அப்போதுதான் தொடங்கியது. மைசூரின் தளவாய் நஞ்சராஜன் இருபதினாயிரம் பேர் என்று சொல்லப்பட்ட படையோடும், முராரி ராவின் மராட்டியக் குதிரைகளோடும் வந்து உதவியதற்கு ஈடாக, திருச்சிராப்பள்ளியையும் அதற்குட்பட்ட சீமையையும் மைசூருக்குக் கொடுத்துவிடுவதாக முகம்மது அலி ரகசியமாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். எந்த ஊரைக் காப்பதற்காக ஆங்கிலேயர் இரத்தம் சிந்தினார்களோ, அந்த ஊர் முன்னமே விற்கப்பட்டிருந்தது. வெற்றிக்குப் பின்னரே அவர்களுக்கு இது தெரியவந்தது. முகம்மது அலி சாக்குப்போக்குச் சொன்னார். சென்னைக் கவுன்சிலோ இது நவாபுக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள விவகாரம் என்று ஒதுங்கியது. ஏமாந்த நஞ்சராஜன் ஸ்ரீரங்கத்திலேயே கூடாரமடித்துக்கொண்டு, கோட்டைக்குள் ஆள்விட்டு லஞ்சத்தால் வாசலைத் திறக்கப் பார்த்தார். முடியாதபோது டூப்ளேயோடு சேர்ந்துகொண்டார்.

அதன்பின் இரண்டாண்டு. கோட்டைக் காவலிலிருந்த காப்டன் டால்ட்டன் 1753இல் களஞ்சியத்தைக் கணக்குப் பார்த்தபோது, நவாபின் உறவினர் தானியத்தை விற்றுத் தீர்த்திருந்தார். மூன்று வாரத்துக்கே மிச்சம். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையின் காடுகளின் வழியாக வந்த அரிசியே நகரத்துக்கு உயிர் கொடுத்தது. அவ்வண்டிகளுக்கு வழித்துணையாக இருந்து பெயரெடுத்தவர், பின்னாளில் மதுரையில் அதே நவாபின் உத்தரவால் 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் யூசுப்கான். இன்று ரயில்வே தொழிற்சாலையால் அறியப்படும் பொன்மலை, ‘கோல்டன் ராக்’ என்ற பெயரில் 1753ஆம் ஆண்டுப் போர்களின் வழியாக ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்றது. 1754இல், தஞ்சையை அச்சுறுத்துவதற்காக, காவேரி நீர் கொள்ளிடத்தில் விழாமல் காக்கும் கோவிலடிப் பக்கத்துக் கரையை எதிரிகள் வெட்டிவிட்டனர். ஆர்க்காட்டு நவாப் யார், தக்காண சுபேதாரான ஹைதராபாத் நிஜாம் யார் என்று இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இடையே எழுந்த வழக்கில், சோழநாட்டுக் குடியானவனின் வாய்க்கால் கட்சிக்காரனாயிற்று. ராணுவ சரித்திரங்கள் இதற்கு ஒரு வாக்கியமே ஒதுக்குகின்றன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். டூப்ளேயும் சாண்டர்ஸும் வியாபாரிகளின் குமாஸ்தாக்கள். உல்ஃபோவிட்ஸ் போன்றோரோ ஜனநாயகத்தைப் பரப்ப விரும்பிய லட்சியவாதிகள். இருவரையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். இலாபத்தை மட்டும் கருதிய காலம் என்று பதினெட்டாம் நூற்றாண்டை நாம் நினைப்பது சரியன்று. அக்காலத்தில் ஜனநாயகம் என்னும் சொல்லின் இடத்தில் நியாயமான வாரிசுரிமை என்னும் சொல் நின்றது. இரு கம்பெனிகளும் தாம் பிறர் நாட்டில் தலையிடவில்லை, சட்டப்படியான அதிபதிக்குத் துணைநிற்கிறோம் என்றே கூறின. கூறியதைப் பாதியேனும் நம்பவும் நம்பின. 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் இடத்தில் இரு தரப்புத் தூதரும் கூடிச் சமாதானம் பேசியபோது, பெரும்பகுதி நேரம் சென்றது பாதுஷாவின் சனதுகளை ஆராய்வதில்தான். பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பத்திரங்களின் முத்திரையையும் தேதியையும் காட்டி அவை போலியென ஆங்கிலேயர் வாதிட்டனர். முகம்மது அலியின் பத்திரங்கள் எங்கே என்று கேட்டதற்கு ஆங்கிலேயரால் காட்ட முடியவில்லை. தில்லி பாதுஷாவுக்கே தம் அரண்மனையில் அதிகாரம் இல்லாத நாளில் நடந்த விவாதம் இது. லட்சியம் பொய்யாக இருந்தது என்பது என் வாதமன்று. தலையிடுவோர் எக்காலத்திலும் அக்காலத்துக்குரிய உயர்ந்த சொல்லையே சொல்லித் தலையிடுகின்றனர், ஆதலால் சொல்லின் உயர்வைக்கொண்டு கொள்கையை எடைபோட இயலாது என்பதே.

உண்மையில், இக்கொள்கைக்கு எஜமானர்களின் சபையில் இடம் பெற்றுத் தந்தது லட்சியம் அன்று. செலவு தானே அடைபடும் என்ற உறுதிமொழி. பாரிஸிலும் இலண்டனிலும் இருந்த டைரக்டர்கள் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். சண்டையில் அவர்களுக்கு ஆசையில்லை. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதத்தில், பிற நாடுகளைக் கட்டியெழுப்புவது அமெரிக்கப் படையின் வேலையன்று என்று சொன்ன புஷ்ஷும் அந்த மனப்பான்மையினரே. அவர்களைத் திருப்புவதற்கு ஒரே வழி, கைப்பணம் அதிகம் போகாது என்று காட்டுவதுதான். 2003 மார்ச் இறுதியில் உல்ஃபோவிட்ஸ் பிரதிநிதிகள் சபைக் குழுவின்முன், ஈராக் தன் எண்ணெய் வருமானத்தைக் கொண்டு தன் புனர்நிர்மாணச் செலவை விரைவிலேயே தானே ஏற்கக்கூடிய நாடு என்று கூறினார். அதற்கு முன்னமே, செலவு 10,000 முதல் 20,000 கோடி டாலர் ஆகலாமென்று பகிரங்கமாகச் சொன்ன பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே சில மாதங்களில் பதவி விலக நேர்ந்தது. 5,000 முதல் 6,000 கோடிதான் என்று வேறொருவர் திருத்தினார். 2011 டிசம்பரில் படைகள் திரும்பியபோது, காங்கிரஸ் ஒதுக்கியிருந்த தொகை 80,000 கோடி டாலரை எட்டியிருந்தது.

ஆர்க்காட்டுக் கணக்கு இன்னும் விசித்திரமானது. கம்பெனி தன் போர்ச் செலவுகளையெல்லாம் முகம்மது அலியின் பேரில் பற்று எழுதியது; அவர் அதைக் கட்டுவதற்கு அக்கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே கடுவட்டிக்குக் கடன் வாங்கினார்; ஈடாக ஜில்லாக்களின் நிலவரியை எழுதிக்கொடுத்தார். சென்னைக் கவுன்சிலில் உட்கார்ந்து நவாபைப் பற்றிய கொள்கையை வகுத்தவர்களிற் பலர், வெளியே வந்தால் நவாபின் கடன்காரர்கள். நவாப் தஞ்சையைக் கைப்பற்றினால் அவ்வருவாயும் தம் கடனுக்கு ஈடாகும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. 1773இல் தஞ்சை விழுந்தது. டைரக்டர்களின் கட்டளைப்படி 1776இல் அதனைத் தஞ்சை அரசர் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்த கவர்னர் பிகட்டை, பால் பென்ஃபீல்டு என்னும் கடன்காரரின் உரிமைக்காகக் கிளர்ந்த கவுன்சில் பெரும்பான்மையினர் கைதுசெய்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் இக்கடன்களைக் குறித்து ஆற்றிய பேருரை இந்தக் கதையையே அம்பலப்படுத்தியது. பிற்காலத்தில் கமிஷன் ஒன்று அமைந்து ஆண்டுக்கணக்கில் விசாரித்தபோது, அதன் முன் வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்லத்தக்கதென்று தேறவில்லை. அமர்த்தப்பட்ட அரசர் தம்மை அமர்த்தியவர்களின் கைப்பாவை என்று பொதுவாகச் சொல்கிறோம். முகம்மது அலி நாற்பதாண்டுக்கு மேல் பதவியில் நிலைத்தது, அவர் வீழ்ந்தால் சென்னையில் பாதிப் பேர் திவாலாவார்கள் என்பதனாலும்தான். நாட்டைவிட்டு வெளியே இருந்த எதிர்க்கட்சிக் குழுவான ஈராக் தேசிய காங்கிரஸின் தலைவர் அகமது சலபிக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. வாஷிங்டனில் அவ்வளவு செல்வாக்குடன் திரிந்த அவருடைய கட்சி, 2005 டிசம்பர்த் தேர்தலில் ஓர் இடமும் பெறவில்லை.

கொள்கை தோற்றதென்று எஜமானர்கள் உணர்ந்தால் அதைக் கைவிடுவார்களா என்பதற்கும் இங்கே விடை உண்டு. 1754 ஆகஸ்டில் டூப்ளேயின் இடத்துக்கு வந்திறங்கிய கொதே, அவரை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சாண்டர்ஸோடு செய்த உடன்படிக்கையில், இரு கம்பெனிகளும் இந்நாட்டு அரசர்களின் தகராறுகளில் இனி ஒருபோதும் தலையிடுவதில்லை என்று எழுதப்பட்டது. மை உலர்ந்த சில வாரங்களிலேயே, 1755 தொடக்கத்தில், கர்னல் ஹெரான் தலைமையில் ஆங்கிலப் படையொன்று நவாபுக்காக வரி வசூலிக்கத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் புறப்பட்டது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் ஹைதராபாத்தை விட்டு நகரவில்லை. கலகக்காரரை அடக்கி வரி தண்டுவது தகராறில் தலையிடுவது ஆகாது என்பது வியாக்கியானம். டூப்ளே கம்பெனிக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிட்டதாகச் சொல்லி வழக்காடி, 1763இல் வறுமையில் இறந்தார். அவ்வாண்டு பாரிஸ் உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் (ஆர்க்காட்டுச் சீமையின்) சட்டப்படியான நவாபென்றும், சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டப்படியான சுபேதாரென்றும் அங்கீகரித்தது. பின்னவரை அவருடைய தம்பி முந்தின ஆண்டே சிறையில் அடைத்திருந்தார் என்ற செய்தி, உடன்படிக்கை எழுதியவர்களுக்கு எட்டியிருக்கவில்லை.

சான்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது, திப்புவின் தஸ்தாவேஜுகளிடையே, முகம்மது அலியும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் மைசூரோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்ததைக் காட்டுவதாகச் சில கடிதங்களும் ஒரு சங்கேதக் குறிப்பும் அகப்பட்டன. அக்குறிப்பில் ஆங்கிலேயருக்குப் புதிதாய் வந்தவர்கள் என்றும், நிஜாமுக்கு ஒன்றுமில்லாதவர் என்றும் மறைபெயர்கள் இருந்தன. கர்நாடகத்தை எடுத்துக்கொள்ள விரும்பிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அவை போதுமான சான்றாயின. 1801 ஜூலையில் உம்தத்துல் உமரா இறந்ததும், நிபந்தனைக்கு இணங்காத அவர் மகனை விலக்கி, இணங்கிய உறவினர் அஜீமுத்தவுலாவை நவாபாக்கி, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை அவருக்கு வைத்து, நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனி ஏற்றது. தன் நாட்டவருக்கு இதமாகவே எழுதவேண்டிய கட்டாயமில்லாத ஜேம்ஸ் மில், தம் இந்திய சரித்திரத்தில் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அவை குற்றத்தை நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி பாதுகாப்புச் சபையில் காலின் பவல் காட்டிய சான்றுகளுக்கு, சதாமின் ஆயுதங்களைத் தேடிச்சென்ற அமெரிக்கக் குழுவே மறு ஆண்டில் அந்தக் கைங்கரியத்தைச் செய்தது. சான்று கிடைத்ததால் தீர்மானம் பிறக்கவில்லை. தீர்மானம் பிறந்திருந்ததால் கிடைத்தது சான்றாயிற்று.

இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, தொடக்கத்திற் கூறிய இரு கட்சிகளுள் எதையும் முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. காவேரிக் கரையில் கொள்கை பின்னே பிறந்தது, வாஷிங்டனின் போடோமேக் கரையில் முன்னே பிறந்தது. இரண்டு இடத்திலும் ஒரே பாதையில் ஒரே படிகளில் இறங்கியிருக்கிறார்கள். ஆகவே, சித்தாந்திகள் இல்லாவிட்டால் தலையீடே நிகழ்ந்திராது என்பது மிகை. ஆனால் அவர்கள் வெறும் அலங்காரமும் அல்லர். தயங்கும் எஜமானனின் தயக்கத்தைப் போக்குவது ஒரு பெரிய காரியம். ‘செலவு தானே அடைபடும், வெற்றி எளிது, ஜனங்கள் வரவேற்பார்கள்’ என்ற மூன்று உறுதிகளையும், கேட்பவருக்கு ஐயம் வராத மொழியில், தக்க வேளையில் தயாராக வைத்திருந்தது அவர்களுடைய சாதனை. புஷ்ஷின் ராணுவ மந்திரி ராம்ஸ்ஃபெல்டும் துணை ஜனாதிபதி செனியும் அச்சித்தாந்தத்தில் தோய்ந்தவர்கள் அல்லர் என்பதும், அந்த உறுதிகளை அவர்களும் எடுத்தாண்டார்கள் என்பதும் சேர்த்தே நினைக்கப்பட வேண்டும். 1998ஆம் ஆண்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டவரான ஃபிரான்சிஸ் ஃபுகுயாமா 2006இல் கட்சியைவிட்டு விலகி எழுதிய நூலில், உள்நாட்டில் அரசாங்கத்தின் பெருந்திட்டங்களைச் சந்தேகித்துப் பிறந்த இயக்கம் வெளிநாட்டில் அதைவிடப் பெரிய திட்டத்தை எவ்வாறு நம்பிற்று என்று வியந்தார். வியப்பதற்கில்லை, உள்நாட்டுத் திட்டம் பொய்த்தால் அதன் பலன்களைத் தினமும் கண்முன் காண நேரும், வெளிநாட்டுத் திட்டத்தின் பலன்களை அனுபவிப்பவர்கள் வேறு மொழியில் அல்லவா புலம்புகிறார்கள்! அந்தப் புலம்பலைப் புரிந்துகொள்ளக்கூடிய அநுபவம் நம்மவர்க்கு உண்டு; ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, 2003 ஜூலையில் வாஜ்பாய் அரசாங்கம் மறுத்துவிட்டது.

வேறு மொழியில் எழுந்த அக்குரல்களுள் ஒன்று, தமிழ்நாட்டில் எழுத்தாகவே பதிந்திருக்கிறது. 1801 ஜூன் மாதத்தில், சிவகங்கைச் சின்ன மருதுவின் பேரால் ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்வீபத்து மக்கள் அனைவரையும் விளித்துப் பேசும் அதன் வாசகம் கம்பெனியின் ஆவணங்களினூடே நமக்குக் கிடைத்திருக்கிறது. எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும், ஐரோப்பியரின் கீழ்ச் சேவகம் செய்யும் சிப்பாய்களும் ஒன்றுசேர வேண்டுமென்று கேட்கும் அவ்வறிக்கை, டூப்ளேயையோ கிளைவையோ வெல்லெஸ்லியையோ பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. முகம்மது அலியின் மதியீனத்தைச் சொல்லித் தொடங்குகிறது. அவர் இடங்கொடுத்ததனால் வந்தவர்கள் நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்கிறது. நம்மவர்க்குள் ஒற்றுமை இல்லாததையும், வருபவர்களின் எண்ணத்தை அறியாமற் போனதையும் அடுத்துச் சொல்கிறது. அவர்கள் ஆளும் இடங்களில் ஜனங்கள் வறுமையுற்றதை அதன்பின் சொல்கிறது. மருது சகோதரர் அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டிலேயே திருச்சிராப்பள்ளி கம்பெனியின் கலெக்டர் ஆளும் ஜில்லாவாயிற்று. நிலவரியை வசூலிக்க நவாப் ஒருவரை நடுவில் வைக்க வேண்டிய அவசியம் அதன்பின் இருக்கவில்லை.